நமது கிணறும் நமது சபையும்



பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது தலவில. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் தரை. மழைநீர் இம்மணலுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நமது கிணறுகளில் ஊறுவது அதுதான். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழிக் கசிவும் மணலூடாக அதே நீரில் கலந்துவிடும். இக்குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மாரே, நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதை யாரிடம் முறையிடுவது? பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. செயலகம் அரசாங்கத்தின் கிளை. கிராம சேவையாளர் அதைச் சேர்ந்தவர். கற்பிட்டி பிரதேச சபையோ நமது வாக்கினால் அமைவது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், உள்ளூர்ப் பாதைகள் ஆகியவற்றை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதனிடம் ஒப்படைத்திருக்கிறது. குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தை, கட்டட அனுமதி யாவும் அதனுள் அடங்கும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாக்களுக்கு லட்சக்கணக்கானோர் திரளும்போது, துப்புரவுச் சுமை எத்தனை மடங்காகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பகுதிகளில் குடியேறிய நம்மவர்களும் இதே நிலத்து நீரையே குடிக்கிறார்கள். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இங்கே இல்லாதவருக்கு இங்குள்ள சபையைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

2016இல் சட்டம் திருத்தப்பட்டு, உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2018இலும் 2025 மே 6ஆம் திகதியும் நடந்த தேர்தல்கள் இம்முறையிலேயே நடந்தன. தண்ணீர்க் குடத்தின் பாரம் அறிந்தவர்கள் நாம். நமது வட்டார உறுப்பினர் யாரென்று அறிந்து, நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்: கிணற்று நீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், கிணற்றருகே மலக்குழி அமைக்க அனுமதிக்கக் கூடாது என்று. பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒன்று கொடுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமூகம் நாம். பலர் குடிக்கும் நீரைக் காப்பது அதனினும் சிறியதா? வாக்கு ஓர் அமானிதம், கிணறும் அமானிதமே. இரண்டையும் பற்றி நாளை நாம் விசாரிக்கப்படுவோம்.

வஸ்ஸலாம்.