கழுமரமும் கோடை விடுமுறையும்

கல்லூரிகளில் சமய வரலாற்றைக் கற்பிப்பது குறித்து நம் கல்விச்சூழலில் எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று நிலவுகிறது. சமணம், பௌத்தம், பக்தி இயக்கம் ஆகியவற்றை ஐந்து மதிப்பெண் குறிப்புகளாக எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். எவர் மனமும் புண்படக்கூடாது. எவரும் எதையும் யோசித்துவிடவும் கூடாது. இவ்வுடன்படிக்கையை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இந்தக் கோடையில் மதுரையில் ஐந்து வாரங்கள் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழகச் சமய வரலாறு கற்பித்தேன். தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை. காலையில் வகுப்பு. பிற்பகல் முழுவதும் வீடு, மனைவி, பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அம்மா. இத்தனை நிறைவான கோடை எனக்கு வாய்த்து வெகுகாலமாகிறது. ஆனால் உடன் பணியாற்றும் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "விடுமுறையிலாவது இந்த மதச் சண்டைகளை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இருக்கக்கூடாதா?" என்று கேட்டார். பரிவுடன் கேட்கப்பட்ட கேள்விதான். எனினும் அதனுள் இரண்டு பிழைகள் உள்ளன. சமய வரலாறு என்பது சண்டைகளின் பட்டியல் என்பது ஒன்று. அது குடும்பத்துக்கு வெளியே எங்கோ நடப்பது என்பது மற்றொன்று.

முதல் பிழையைப் பார்ப்போம். மதுரையில் இப்பாடத்தை எடுக்கும் எவரும் கழுமரத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரிடம் வாதில் தோற்ற 8,000 சமணர் கழுவேறினர் என்பது கதை. ஒரு சாராருக்கு அது சைவத்தின் வெற்றிக்கொடி. மறுசாராருக்கு அது சைவத்தின் மீதான குற்றப்பத்திரிகை. எதிரெதிரே நின்று முழங்கும் இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள்: ஆதாரங்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பதில்.

சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரைக் கடுமையாகச் சாடுகிறார். ஆனால் கழுவேற்றம் பற்றி அவற்றில் பேச்சில்லை. அதை விரித்துரைக்கும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் ஐந்து நூற்றாண்டுகள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றைச் செய்வித்தோர் பெயர் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவை 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. குணசேனதேவர் போன்ற சமண ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கர்களும் அங்கே குறிக்கப்படுகின்றனர். ஏழாம் நூற்றாண்டிலேயே பூண்டோடு அழிந்துபோன சமயத்துக்கு, இருநூறு ஆண்டுகள் கழித்து ஆசிரியரும் மாணாக்கரும் எங்கிருந்து வந்தனர்?

உடனே, "அப்படியானால் எதுவுமே நடக்கவில்லை" என்று துள்ளவும் வேண்டாம். பதிகங்களில் தெரியும் பகைமை உண்மையானது. அரசவை ஆதரவுக்கான போட்டியும் உண்மையானது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சோழப் பேரரசின் நிழலில் வாழ்ந்த சைவர்களுக்கு, தம் முன்னோர் ஆயிரக்கணக்கானோரைக் கழுவேற்றினர் என்று சொல்லிக்கொள்வது ஏன் பெருமையாக இருந்தது? இக்கேள்வியை மாணவர் கேட்கத் தொடங்கும்போதுதான் வகுப்பு தொடங்குகிறது. ஐந்து மதிப்பெண் குறிப்பில் இதற்கு இடமில்லை.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய அதே ராஜராஜன், ஸ்ரீவிஜய அரசர் கட்டிய அப்பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக விட்டான். சமயப் பொறை என்று கைதட்டலாம். கடல்வணிகக் கணக்கு என்று கண்சிமிட்டவும் செய்யலாம். அவன் மகன் ராஜேந்திரனின் படை 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் விகாரத்துக்கான கொடை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தை 1867இல் அரசின் அனுமதியோடு இடித்தவர்கள் ஏசு சபையினர். இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, யாருக்கு மாலை போடுவது? வரலாறு நம் மேடைப்பேச்சுக்கு வசதியாக நடந்துகொள்வதில்லை.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். மதுரையில் கோடை என்றால் சித்திரைத் திருவிழா. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர், ஆற்றுக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்றறிந்து கோபித்துக்கொண்டு வண்டியூர் போய்விட்டார் என்று என் அம்மா பேத்திக்குச் சொல்கிறார். மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தரவே வருகிறார் என்பது கோயில் மரபு. தனித்தனியே நடந்த இரு விழாக்களை இணைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) என்பது ஊர் வழக்கு. சைவக் கோயிலையும் வைணவக் கோயிலையும், நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் ஒரே ஆற்றங்கரையில் நிறுத்திய விழா அது. எங்கள் மொட்டைமாடியில் பாய் விரித்து நுங்கு தின்றபடி பேசப்பட்ட விஷயத்தை மறுநாள் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். குடும்பத்தை எந்த இடத்தில் நான் கைவிட்டேன் என்பதை நண்பர்தான் விளக்க வேண்டும்.

மாணவர்களோடு சமணர் மலைக்குச் சென்றபோது அம்மாவும் மகளும் உடன் வந்தனர். அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றெண்ணி அக்குகையைச் செட்டிப்பொடவு என்றழைக்கும் ஊர் அது. அம்மா கைகூப்பினார். "பாட்டி, இது சமணர் சாமி" என்றார் ஒரு மாணவர். "யாரா இருந்தா என்னப்பா, சாமியாத்தானே உக்காந்திருக்காரு" என்றார் அம்மா. இதை நல்லிணக்கம் என்று கொண்டாடிவிட நான் தயாராக இல்லை. இதில் வணக்கமும் இருக்கிறது, முழுமையான மறதியும் இருக்கிறது. ஒரு சமயம் கொல்லப்படாமலேயே பெயரிழந்து போவது எப்படி என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்தக் கூப்பிய கைகள் விளக்கின.

நம் முன்னோடிகள் இதை அறிந்திருந்தனர். திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது, அவ்வூர்ச் சமணர்களின் வீடு தேடிச்சென்று அச்சமயத்தைக் கற்றார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) நூல்களை எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி ஒரு பள்ளி ஆசிரியர். வீட்டுத் திண்ணையும் வகுப்பறையும் அவர்களுக்கு வேறுவேறு உலகங்களாக இருக்கவில்லை.

எல்லா மதத்தாரும் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதெல்லாம் ஆபத்து என்பார்கள். எல்லா மதத்தாரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இடம் வேறு எது மிச்சமிருக்கிறது? நாம் சொல்லாமல் விட்டதை வாட்ஸ்அப் சொல்லும்; ஆண்டோ ஆதாரமோ இன்றி, வெறுப்போடு சொல்லும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு கல்லூரியும் தன் அருகிலுள்ள குகைக்கோ பாழடைந்த பள்ளிக்கோ மாணவரை ஒருமுறையேனும் அழைத்துச் செல்லட்டும். குலதெய்வம் பற்றி வீட்டு மூத்தோரிடம் கேட்டெழுதுவது பாடத்தின் பகுதியாகட்டும். கழுமரக் கதையை மறைக்காமல், இரண்டு பக்க ஆதாரங்களோடும் கற்பிக்கட்டும். மற்ற மாதங்களில் செய்ய அஞ்சுவதைக் கோடையில் மட்டும் செய்துவிட்டு நேர்மை என்று பெயரிட்டுக்கொள்ள எனக்கு உடன்பாடில்லை. மறுக்க விரும்பும் நண்பர்கள் மறுக்கலாம். கல்வெட்டோடு வாருங்கள்; முழக்கத்தோடு வேண்டாம்.