டேங்கின் மேல் ஒரு டீ கிளாஸ்

மதிப்புக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் ஊரின் பெயரையும் நான் புகார் கொடுத்த வண்டியின் எண்ணையும் இந்த மடலில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இரண்டும் நான் கொடுத்த மனுக்களில் இருக்கின்றன. தவிர, ஒரு ஊரின் பெயரைப் போட்டுவிட்டால் மற்ற ஊர் அலுவலர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

நான் சொந்தமாக டீசல் பிக்கப் வைத்து ஓட்டுகிறவன். தாளவாடிப் பக்கம் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றி, திம்பம் மலைப்பாதை வழியாக இறங்கி, சமவெளிச் சந்தைகளில் கொண்டுவந்து போடுவது தொழில். பிக்கப் வண்டிகளில் கள்ளத்தனமாகப் பொருத்தப்படும் கூடுதல் டீசல் டேங்க் பற்றி உங்களிடம் நேரில் சொன்னேன். எழுதிக் கொடுத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நின்றேன். எங்கே கொடுத்தாலும் மனு சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்து சேர்ந்தது. அங்கிருந்து வந்த பதிலும் ஒன்றுதான்: "மேற்படி வாகனம் ஆய்வு செய்யப்பட்டு உரிய தகுதிச் சான்று வழங்கப்பட்டுள்ளது." ஆகவே, இனி நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

கம்பெனி கொடுத்த வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அதையெல்லாம் படித்துத் தேறித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பீர்கள். ஒரே ஒரு வண்டியின் கதையை மட்டும் சொல்கிறேன்.

எட்டு வருடம் தாண்டிய பிக்கப் அது. கம்பெனி டேங்க் ஏறக்குறைய அறுபது லிட்டர் பிடிக்கும். லோடோடு லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று குறைத்துப் போட்டாலும் அறுநூறு கிலோமீட்டர் ஓடும். சத்தியமங்கலத்தில் நிரப்பினால் சென்னை வரை கவலையில்லை. வழியெங்கும் பங்க் வேறு. தூரத்துக்காக இன்னொரு டேங்க் தேவையே இல்லை. விலைக்காகத்தான் அது வந்தது. 2021 நவம்பரில் கர்நாடகம் டீசல் வரியைக் குறைத்தது. நம் பக்கம் 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் சேர்ந்த வரி அப்படியே நின்றது. எல்லை தாண்டி நிரப்பினால் லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் மிச்சம் என்றானதும், பட்டறைகளில் கூடுதல் டேங்குக்கு வேலை கூடிவிட்டது.

அந்த வண்டியின் டேங்கை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நூறு லிட்டர் பிடிக்கும். தகட்டை வளைத்து வெல்டிங் வைத்து, ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் சேஸுக்கு அடியில் பட்டை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஸ்டெப்னி லோடுக்கு மேலே கிடக்கிறது. ஒழுங்காகச் செய்த டேங்கின் உள்ளே டீசல் அலையாமலிருக்கத் தடுப்புத் தகடு இருக்கும். வண்டி கவிழ்ந்தாலும் கொட்டாமலிருக்க மூச்சுக்குழாயில் வால்வு இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. வாய் இடது ஓரத்தில் இருக்கிறது. அதற்கு மூடி, ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடி. அதன் மேல் பாலித்தீன் காகிதம், அதைச் சுற்றி சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர். கீழே ஒரு கேட் வால்வு. அதிலிருந்து கம்பெனி டேங்குக்குப் போகும் ஓஸ், சைலன்சர் குழாயை ஒட்டியே போகிறது. டீசல், பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்பார்கள். வாளியில் இருக்கும்வரை அது சரி. கொதிக்கும் சைலன்சர் மேல் சொட்டும் டீசலுக்கு அந்தப் பேச்சு செல்லாது.

ஒரு நாள் காலை, மூடுபனி விலகாத நேரம். ஆசனூர் தாண்டி மலை இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் டீசல் நெடி அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தால் தார்மேல் நிறம் நிறமாகப் படலம். பெட்ரோல் என்றால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். டீசல் போகாது, பனி ஈரமும் சேர்ந்தால் கால் வைத்தாலே வழுக்கும். அடுத்த வளைவு காய்ந்து கிடந்தது. அதற்கடுத்ததில் மறுபடியும் டீசல். வண்டி வலப்பக்கம் ஒடிக்கும் வளைவுகளில் மட்டும் கறை. இடப்பக்கம் ஒடிக்கும் வளைவு ஒன்றிலும் இல்லை. டேங்கின் வாய் இடது பக்கம் என்று மேலே எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருக்கும் டீசல் மொத்தமும் இடப்பக்கம் போய் மோதும், ரப்பரைத் தள்ளிக்கொண்டு கொட்டும். திம்பத்துக்கும் பண்ணாரிக்கும் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை இடத்தில் கொட்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வளைவில் மொபெட்டோடு கிடந்தார் ஒரு கொத்தனார். கரண்டியும் ரசமட்டமும் ரோட்டில் சிதறிக் கிடந்தன. தடுப்புச் சுவர் இருந்ததால் ஆள் பள்ளத்துக்குப் போகவில்லை. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இனி அவரால் சாரம் ஏற முடியாது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். டீசல் மேல் மண் அள்ளிப் போட்டதும் நாங்கள்தான். வழக்குப் பதிவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று, தானாகவே நிலைதடுமாறி விழுந்து." ரோட்டில் டீசல் இருந்தது என்று ஒரு வரி இல்லை. விழுந்தவர்தான் குற்றவாளி.

வண்டி எதுவென்று தேடி நான் அலையவில்லை. பண்ணாரியம்மன் கோயில் முன்னால் எல்லா வண்டிக்காரர்களையும் போல அந்த ஓட்டுநரும் நிறுத்தி, புற்றுமண் பூசிக்கொண்டிருந்தார். பின்பக்கம் இடது ஓரம் முழுக்க டீசல் வழிந்து, அதில் தூசி அப்பிக் கிடந்தது. படம் எடுத்தேன். அந்தப் படத்தோடுதான் உங்களுக்கு முதல் மனு வந்தது. படத்தில் டேங்க் தெரிகிறது, ஓஸ் தெரிகிறது, வண்டி எண் தெரிகிறது.

இனி வருவதுதான் உங்கள் பங்கு, ஐயா.

என் வண்டியை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஒளிரும் பட்டை ஒரு மூலையில் உரிந்திருக்கிறது, ஒட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். குறை சொல்லவில்லை, உரிந்துதான் இருந்தது. ஸ்டிக்கர் கடைக்காக ரோட்டைத் தாண்டினேன். உங்கள் அலுவலக வாசலுக்கு நேர் எதிரே ஒரு புளியமரம், அதன் நிழலில் ஒரு பட்டறை. மரத்தடியில் செங்கல் மேல் வரிசையாக டீசல் டேங்குகள். காலையில் வண்டி வரும், டேங்கைக் கழற்றி வைப்பார்கள், ஸ்டெப்னியைப் பழைய இடத்தில் மாட்டுவார்கள், வண்டி உள்ளே போய்ச் சான்று வாங்கும், மத்தியானம் திரும்பி வந்து டேங்கை மாட்டிக்கொண்டு கிளம்பும். ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு டேங்கின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் வண்டி எண் எழுதியிருந்தார்கள். என் மனுவில் இருந்த எண்ணும் அந்த வரிசையில் இருந்தது.

வண்டிகளைச் சோதித்துவிட்டு உங்கள் ஆய்வாளர் டீ குடிக்க அங்கே வந்தார். வணக்கம் வைத்தவர்களுக்குத் தலையாட்டினார். போன் வந்தது. கையில் இருந்த கிளாஸை வைக்க இடம் தேடி, பக்கத்திலிருந்த டேங்கின் மேல் வைத்துவிட்டுப் பேசினார். பேசி முடித்து, கிளாஸை எடுத்து மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எண் எழுதியிருந்த இடத்தில் கிளாஸின் ஈர வட்டம் இருந்தது.

மத்தியானம் அந்த வண்டி வெளியே வந்தது. டேங்க் ஏறியது. சான்று கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "ஆய்வின்போது கூடுதல் எரிபொருள் கலன் ஏதும் காணப்படவில்லை" என்று பதில் தந்தீர்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆய்வின்போது அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் டேங்க் தெரியும் படத்தோடு என் மனு உங்கள் கோப்பில் இருந்ததே, அது யாருக்காவது காணப்பட்டதா?

நேரில் கேட்டபோது, "பாவம், பிழைப்புக்காகச் செய்கிறான், விட்டுவிடுங்கள்" என்றீர்கள். யாருடைய பிழைப்பு, அலுவலரே? 2024-லும் 2025-லும் கர்நாடகத்தில் வரி ஏறிவிட்டது. இன்றைக்கு நூறு லிட்டருக்கு மிச்சமாவது ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு. அதுவும் ஓட்டுநருக்கு இல்லை, முதலாளிக்கு. ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேசிய கூலிதான். நிறைந்த டேங்கோடு சேர்த்து நூறு கிலோவை அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் அது எப்போது அறுந்து விழும் என்று தெரியாமல் ஓட்டுகிறவரும் அவர்தான். கொத்தனாருக்கும் பிழைப்பு இருந்தது. அதற்கு நீங்கள் 'பாவம்' சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் டீசல் வரி அதிகம், சின்ன வண்டிக்காரனால் தாங்க முடியவில்லை என்றால், அதை அரசிடம் கேட்கிறோம். சங்கம் வைத்துக் கேட்கிறோம், வேலைநிறுத்தம் செய்து கேட்கிறோம். அதிகம் ஓடுகிறவனுக்குப் பெரிய டேங்க் உண்மையிலேயே வேண்டுமென்றால், கம்பெனியே செய்து, சோதித்து, பதிவுப் புத்தகத்தில் ஏறட்டும். அதையெல்லாம் கேட்க வழி இருக்கிறது. பெயிண்ட் டப்பா மூடிக்கு எஃப்.சி. கொடுப்பது அந்த வழி இல்லை.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எஃப்.சி. நாளன்று, நாற்காலியை விட்டு எழுந்து, வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்கு ஒருமுறை போங்கள். எண்கள் எழுதித் தயாராக இருக்கின்றன. பதிவேட்டில் ஏற்றிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. வெயில் அதிகம், நடக்க முடியாது என்றால், கழற்றி வைத்த டேங்குக்கும் தனியாக ஒரு எஃப்.சி. கொடுத்துவிடுங்கள். கட்டணமாவது அரசுக்கு வரும். பட்டறைக்காரருக்கும் பாரம் தூக்கும் வேலை மிச்சம்.

மனுவின் கடைசியில் எப்போதும் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுவேன். தாழ்மையோடு கேட்டதற்கெல்லாம் என்ன பதில் வந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

கொத்தனார் மீதான வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா ஊன்றுகோலோடு பஸ் ஏறிப் போய்வருகிறார். அந்த வண்டி இன்றும் திம்பம் ஏறி இறங்குகிறது. அதன் சான்று வருகிற மாசியில் முடிகிறது. புதுப்பிக்க அது வரும் நாளில் நானும் வருவேன். இதைப் படிக்கிறவர்களும் வரலாம். கையெழுத்துப் போடுவதா, ரோட்டைக் கடப்பதா என்பதை அதற்குள் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் உரிமையாளர், ஓட்டுநர்