கரை சரியாக இருந்தால்தான் வீட்டுக் குளம் நிலைக்கும்

கேள்வி: ‘‘எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் காலி இடம் இருக்கிறது. அதில் 15 அடி நீளம், 10 அடி அகலத்தில் சிறிய குளம் வெட்டி, சுற்றிலும் கருங்கல் அடுக்கி மீன் வளர்க்க ஆசை. பக்கத்துக் குவாரியில் உடைந்த கல் மலிவாகக் கிடைக்கிறது. மீன் குஞ்சு விற்பவர், ‘500 குஞ்சு தாராளமாக விடலாம்’ என்கிறார். வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். குளத்தை எப்படி அமைப்பது?’’
- வாசகி, போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: கடைசியில் பேத்தியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். முழங்காலுக்கும் குறைவான தண்ணீரே சிறு குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். விழும்போது பெரிய சத்தமும் கேட்காது. அதனால் குளத்தின் ஆழம், கரை, கல் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

வீட்டுக் குளம் அமைக்கும் பலர் பள்ளத்துக்கும் மீனுக்கும் பணத்தைச் செலவழித்துவிட்டு, கல்லைக் கடைசியில் அழகுக்காக அடுக்குகிறார்கள். நான் பார்த்த வரையில் வீட்டுக் குளங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் கரையில்தான். கரை சரிந்து பாய் வெளியே தெரியும். வெயில் பட்டு அது கிழியும். மழைத் தண்ணீர் சாணத்தையும் பூச்சிமருந்தையும் உள்ளே இழுத்து வரும். கல் இடுக்கில் பாம்பு குடியேறும். கல்கரை என்பது குளத்துக்குப் போடும் நகை இல்லை, அதுதான் குளத்தின் காவல். அதைத் திட்டமிட்ட பிறகு மண்வெட்டியைக் கையில் எடுங்கள்.

இடம்

தினமும் நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் இடம் போதும். புளி, வேம்பு, முருங்கை மரங்களின் கீழே வேண்டாம். இலை விழுந்து அழுகினால் தண்ணீரில் உள்ள உயிர்க்காற்று குறைந்துவிடும். மாட்டுக்கொட்டகைக் கழிவு, கழிவறைத் தொட்டி, மருந்து தெளிக்கும் வயல் ஆகியவற்றிலிருந்து தண்ணீர் வழிந்து வரும் தாழ்வான பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். தெளிப்பானைக் குளத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது எட்டு அடி தள்ளி வெட்டுங்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குளம் தெரிய வேண்டும்.

பள்ளம்

நேர் சுவராக மூன்று அடிக்கு வெட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு அடி ஆழம் வெட்டி, சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்குப் படி விடுங்கள். அதற்குக் கீழே சரிவாக இன்னும் இரண்டு அடி இறக்குங்கள். தவறி விழுந்தவர் காலூன்றவும், கன்றோ ஆடோ விழுந்தால் ஏறி வரவும் இந்தப் படி உதவும். அல்லிச் செடித் தொட்டியையும் இதன்மேல் வைக்கலாம். 15-க்கு 10 அடிக் குளத்தில் இப்படிப் படியும் சரிவும் விட்டால் சுமார் 9,000 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

களிமண் பூமியாக இருந்தால் நன்றாக மிதித்து இறுக்கினாலே ஓரளவு தண்ணீர் நிற்கும். உங்கள் பக்கத்துச் செம்மண், சரளை மண்ணில் நிற்காது. வெயிலைத் தாங்கும் கெட்டியான சில்பாலின் பாய் போட்டாக வேண்டும். பாயின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி, கரைக்காகப் பக்கத்துக்கு இரண்டு அடி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நீளவாக்கில் 15+6+4 = 25 அடி. அகலவாக்கில் 10+6+4 = 20 அடி. ஒட்டுப் போடாத ஒரே பாயாக வாங்குங்கள். விரிப்பதற்கு முன் கூரான கல், வேர்த்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, இரண்டு அங்குலத்துக்குச் சலித்த மணலைப் பரப்புங்கள்.

கல்கரை

குளத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு அடி அகலம், ஆறு அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு எடுங்கள். கல் உட்காரப்போவது இதில்தான். கல் வைக்கும் முன்பு விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று டியூப் மட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணளவை நம்பாதீர்கள். 15 அடியில் இரண்டு அங்குலம் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், தண்ணீர் நிறைந்ததும் ஒரு பக்கம் வழியும், எதிர்ப்பக்கம் பாய் வெயிலில் காயும்.

பாயை விளிம்பு வெட்டின்மேல் கொண்டுவந்து, அதன்மேல் பழைய உரச்சாக்கை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். கருங்கல்லின் கூர்முனை பாயைக் குத்தாமல் இருக்க இது அவசியம். அதற்குமேல் தட்டையான கற்களாகப் பார்த்து முதல் வரிசை வையுங்கள். பாயின் ஓரத்தைக் கல்லுக்குப் பின்னால் மேல்நோக்கி நிமிர்த்தி, மண்ணால் அணைத்து மூடிவிடுங்கள். மேல் வரிசைக் கல் தண்ணீர்ப் பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அதன் நிழலில் பாய் பல ஆண்டுகள் உழைக்கும். கையால் அசைத்தால் ஆடுகிற கல் ஒன்றுகூடக் கரையில் இருக்கக்கூடாது. குழந்தை ஏறி நின்று விழுவது அந்தக் கல்லிலிருந்துதான்.

கரை, சுற்றியுள்ள தரையைவிட ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். கரைக்கு வெளியே உள்ள மண், குளத்தைவிட்டு விலகிச் சரிய வேண்டும். மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே, வலை கட்டிய ஒரு பி.வி.சி. குழாயை வைத்து வாழைக் குழிக்கு விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வழியும்போது மீன் வெளியே போகாது.

சிலர் அழகுக்காகக் கல்லை வெறுமனே அடுக்கி, இடைவெளியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிராமத்து வீட்டுக்கு அது ஆகாது. எலி, தவளை வரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரும். நீர்க்கோலிக்கு விஷமில்லை. ஆனால் அதே இடுக்கில் நல்ல பாம்போ கட்டுவிரியனோ தங்கலாம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவையால் இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். கல் இடுக்கில் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுவதும் இதனால் நிற்கும்.

புதுச் சிமென்ட்டில் இருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். உடனே மீன் விட்டால் செத்துவிடும். குளத்தை நிரப்பி ஒரு வாரம் விட்டு, முழுவதும் இறைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பி.எச். காட்டும் தாளில் 8.5-க்குக் கீழே வந்த பிறகு மூன்று நான்கு மீன்களை மட்டும் விட்டு ஒரு வாரம் பாருங்கள். குளோரின் கலந்த பஞ்சாயத்துத் தண்ணீராக இருந்தால், நிரப்பி இரண்டு நாள் வெயிலில் விட்ட பிறகே மீன் விட வேண்டும்.

வேலி

படி இருக்கிறது என்று வேலியை விட்டுவிடாதீர்கள். நான்கு அடி உயரத்துக்குக் கம்பி வலையோ மூங்கில் தட்டியோ சுற்றிலும் கட்டி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். இதோடு, குளத்தின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் போட்டு, அவற்றின்மேல் இரண்டு அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வலையைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளை விழுந்தாலும் வலை தொய்யாத அளவுக்குக் குழாய்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கொக்கும் மீன்கொத்தியும் மீனைத் தூக்கிப் போகாமல் இருக்கவும் இதே வலை உதவும். கையில் இருக்கும் பணம் குறைவாக இருந்தால் மீனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வேலியைத் தள்ளிப்போடாதீர்கள். வேலி முடியும்வரை பள்ளத்தில் தண்ணீர் நிறுத்த வேண்டாம். இடையில் மழை பெய்து தேங்கினால் அன்றே இறைத்துவிடுங்கள்.

எத்தனை மீன்?

500 குஞ்சு என்பது விற்பவரின் கணக்கு. காற்றூட்டும் மோட்டார் இல்லாத குளத்தில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு ஒரு கெண்டை மீன் என்பதே பாதுகாப்பான அளவு. உங்கள் குளத்தின் பரப்பு 150 சதுர அடி, அதாவது சுமார் 14 சதுர மீட்டர். எனவே 15 குஞ்சுகள் போதும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 5, நடுமட்டத்தில் மேயும் ரோகு 5, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் 5 என்று விரல் நீளக் குஞ்சுகளாகப் பார்த்து விடுங்கள். சிறிய குளத்தில் இவை ஏரி மீனைப்போல் வேகமாக வளராது. ஒவ்வொன்றும் அரைக் கிலோ வந்தால், மொத்தம் ஏழு கிலோவுக்குச் சற்று மேல். இது வீட்டுக் குழம்புக்கான குளம், வியாபாரத்துக்கானது இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். ஜிலேபி கெண்டை சீக்கிரமே குஞ்சு பொரித்துக் குளத்தைப் பொடி மீனால் நிரப்பிவிடும். அதுவும் வேண்டாம். கொசுப்புழுவைத் தின்பதற்குக் கொஞ்சம் கப்பி மீன் விடலாம். குஞ்சு எங்கே நம்பிக்கையாகக் கிடைக்கும் என்று மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குஞ்சு வந்ததும் பையைத் திறந்து அப்படியே கொட்டக்கூடாது. பையைக் குளத்தில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்த பிறகு, மீன் தானாக நீந்தி வெளியே போக விடுங்கள். அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, கால் மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கைப்பிடியே அதிகம். பச்சைச் சாணம் போட வேண்டாம்.

வாரம் ஒரு முறை அடித்தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு உரம். ஏழு கிலோ மீனைவிட இந்தத் தண்ணீர்தான் உங்கள் மூன்று சென்ட்டுக்குக் கிடைக்கும் பெரிய லாபம்.

கேள்வி: ‘‘குளத்தில் தினமும் தண்ணீர் குறைகிறது. பாயில் ஓட்டையா, வெயிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’’
- வாசகர், அருப்புக்கோட்டை.

பதில்: ஒரு வாளியில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, குளத்துப் படியின்மேல் பாதி முங்கும்படி வையுங்கள். வாளியின் உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மழையில்லாத மூன்று நாள் கழித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். கோடையில் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர்வரை ஆவியாகும். 150 சதுர அடிக் குளத்தில் அது சுமார் 100 லிட்டர், அதாவது ஆறேழு குடம். குளத்து மட்டம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. முதலில் கரையைச் சுற்றி வந்து, கல் அமுங்கிப் பாய் தாழ்ந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், தண்ணீர் இறங்கி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தில் ஓட்டையைத் தேடுங்கள். சித்திரை, வைகாசியில் தினமும் ஆறேழு குடம் தண்ணீர் தர முடியுமா என்று புதிதாகக் குளம் வெட்ட நினைப்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் குளத்தின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ‘‘விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பசியா?’’
- வாசகர், ஒரத்தநாடு.

பதில்: பசி இல்லை, மூச்சுத் திணறல். பகலில் பாசியும் செடியும் உயிர்க்காற்றை வெளியிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை உறிஞ்சும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் உயிர்க்காற்று மிகக் குறைவாக இருக்கும். பசி என்று நினைத்துத் தீனி போட்டால் நிலைமை மோசமாகும். உடனே குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். முடிந்தால் மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரை மேலிருந்து விழ விடுங்கள். அன்று தீனியை நிறுத்துங்கள். வானம் மூடியிருக்கும் நாட்களிலும் தீனி வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தால், குளத்தில் மீன் அதிகம் அல்லது அடியில் கழிவு அதிகம். பாதி மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுங்கள்.

குளம் பற்றிக் கேள்வி அனுப்புகிறவர்கள் நீளம், அகலம், ஆழம், மண் வகை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரங்களையும், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.