காக்கும் பாக்டீரியாவும் கொல்லும் பாக்டீரியாவும்

கேள்வி: ஐந்தாம் பருவத்தில் பட்டுப்புழுக்கள் இரை எடுக்காமல் சோர்ந்து, கறுத்து அழுகிச் சாகின்றன. மல்பெரி இலையில் நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தெளித்துக் கொடுத்தால் நோய் வராது என்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், உடுமலைப்பேட்டை வட்டம்

பதில்: அறிகுறிகள் பிளாச்சரி நோயைக் காட்டுகின்றன. அதிக வெப்பம், காற்றோட்டக் குறைவு, புழு நெருக்கம், குவித்து வைத்துப் புழுங்கிய இலை, ஈர இலை ஆகியவை புழுவின் குடலைக் கெடுக்கின்றன. அங்கே நோய்க்கிருமிகள் பெருகுகின்றன.

மல்பெரி இலையின் மேலும் உள்ளேயும் பாக்டீரியாக்கள் இயற்கையாகவே வாழ்கின்றன. அவற்றில் பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை கிருமிகளை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. இலையோடு குடலுக்குள் போய், நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் கிடைக்காமல் தடுப்பதே இம்முறையின் அடிப்படை. ஆனால் இது வருமுன் காக்கும் துணை மட்டுமே. நோய் கண்ட புழுவை மீட்கும் மருந்தல்ல. வைரஸால் வரும் பால்புழு நோய்க்கு இதை நம்பியிருக்கக் கூடாது.

வாங்கும்போது முழுப் பெயரையும் படிப்பது அவசியம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், அதாவது பி.டி., அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் 1901இல் ஜப்பானில் இஷிவாடா அதைக் கண்டறிந்ததே நோயுற்ற பட்டுப்புழுவில்தான். காரத்தன்மையுள்ள புழுக் குடலில் அதன் நச்சு கரைந்து புழுவைக் கொன்றுவிடும். காய்கறிக்குத் தெளிக்கும் பிவேரியா, தென்னைக்கு இடும் மெட்டாரைசியம் ஆகிய பூஞ்சாணங்களும் பட்டுப்புழுவுக்கு எமன். 'இயற்கை மருந்து' என்பதாலேயே மல்பெரித் தோட்டத்தின் அருகில் இவற்றைத் தெளிக்கக் கூடாது. தெளித்த கைத்தெளிப்பானையும் மல்பெரிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பட்டுப்புழுவுக்கென்று பரிந்துரைக்கப்பட்ட தயாரிப்பு கிடைத்தாலும், முதலில் ஒரு தட்டுப் புழுவுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். மற்றொரு தட்டுக்கு அதே இலையை மருந்தில்லாமல் கொடுத்து, சாகும் புழுக்களையும் கூட்டின் எடையையும் ஒப்பிட வேண்டும். தெளித்த இலையை நிழலில் ஈரம் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். படுக்கைக் கிருமிநாசினித் தூள் தூவும் வேளையில் இதைக் கொடுத்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

இப்போதைய வேலை சுத்தம்தான். செத்த புழுக்களைக் குச்சியால் பொறுக்கிப் புதைக்கவும். கோழிக்குப் போட வேண்டாம். வளர்ப்பு முடிந்ததும் லிட்டருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடர், 3 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கலந்த கரைசலால் மனை முழுவதையும் நனைத்துக் கிருமி நீக்கவும். அடுத்த முட்டைக்குச் சொல்லும் முன் இதை முடித்துவிட வேண்டும். மனையில் கிருமி இருக்கும்வரை எந்த நல்ல பாக்டீரியாவாலும் பயனில்லை.