மீண்டும் பந்தைத் தொட்டேன்

பாடசாலை நாளிலிருந்தே வலைப்பந்தாட்டம் என்றால் எனக்கு உயிர். 58 வயதில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தபோது, "இனி விளையாடலாமா டொக்டர்?" என்பதுதான் என் முதற் கேள்வி.

"நடவுங்கள், நீந்துங்கள், சைக்கிள் ஓடுங்கள். துள்ளிக் குதிப்பதும், ஓடிவந்து சடுதியாக நின்று திரும்புவதும் வேண்டாம்" என்றார். புதிய மூட்டின் உலோகங்களுக்கு நடுவேயுள்ள பிளாஸ்டிக் தேய்ந்தாலோ, மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்தாலோ மறுபடியும் சத்திரசிகிச்சைதானாம். வலைப்பந்தாட்டமே அந்தக் குதிப்பும் திருப்பமும்தானே! அன்றிரவு அழுதேன்.

6 வாரம் வரை ஊன்றுகோல். இயன்மருத்துவர் காட்டித்தந்த தொடைத் தசைப் பயிற்சிகளை ஒருநாளும் தவறவிடவில்லை. 3 மாதம் சென்றதும் தினமும் அரை மணித்தியால நடை. 6ஆம் மாதம் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நின்ற இடத்திலிருந்தே 10 அடி உயர வளையத்துக்குப் பந்தை எறிந்தேன். மூன்றாவது பந்து விழுந்தது! இப்போது அயற் பிள்ளைகளுக்குப் பந்தெறியப் பழக்குகிறேன்.

சகோதரிகளே, அவசரப்படாதீர்கள். விளையாடிய பின் மூட்டில் வலியோ வீக்கமோ கூடினால் ஓய்வெடுங்கள், குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எந்த விளையாட்டானாலும் முதலில் உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.