எச்சிலில் பார்க்கும் சோசியம்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். 1941-இல் தொடங்கிய டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் பரேலில்தான் இருக்கிறது. ஆனாலும், ‘எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் போதும், புரோஸ்டேட் புற்று வருமா, வந்தால் பரவுமா என்று மரபணுவே சொல்லிவிடும்’ என்ற பேச்சுக்கு நம் வீடுகளில் மவுசு கூடிவருகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும்.

வருமா என்பது ஒரு கேள்வி, பரவுமா என்பது வேறு கேள்வி. 2025-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், எச்சிலிலுள்ள மரபணுவை வைத்துப் போட்ட ஆபத்து மதிப்பெண்ணில் மேல் பத்து சதவீதத்தில் வந்து பயாப்ஸி வரை போனவர்கள் 468 பேர். 187 பேருக்குப் புற்று இருந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பெண் சொன்னது யாரைச் சோதிக்கலாம் என்பதை மட்டுமே. கண்டுபிடித்த கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை பயாப்ஸியும் கட்டியின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண்ணும் ஸ்கேனும்தான் சொல்லின.

‘பி.ஆர்.சி.ஏ.2 இருக்கிறதே?’ என்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மரபணுவில் பிழையோடு பிறந்தவருக்கு நோய் வேகமாக முற்றும் என்பது நிரூபணமான சங்கதி. ஆனால் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் பரவிய 692 பேரைச் சோதித்தபோது, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிப் பிழை இருந்தது 11.8 சதவீதம் பேருக்குத்தான், பி.ஆர்.சி.ஏ.2 மட்டும் என்றால் 5.3. பரவிய நோயாளிகளிலேயே நூற்றுக்கு 88 பேருக்கு இந்தச் சோதனை ‘சுத்தம்’ என்றுதான் காட்டியிருக்கும். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவரை என்ன சொல்வது?

கட்டிக்குள் பிறகு நேரும் மாற்றங்களும் எச்சிலில் தெரியாது. அவை கட்டியின் திசுவில் பார்க்கவேண்டியவை.

இந்த மதிப்பெண்கள் யாருடைய ரத்தத்திலிருந்து பிறந்தன என்பதையும் கேட்கவேண்டும். பிரிட்டன் ஆய்வில் சேர்ந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். பெரிதாகப் பேசப்பட்ட ஹாக்ஸ்-பி13 மரபணுப் பிழை முக்கியமாக வடக்கு ஐரோப்பியர்களிடம் காணப்படுவது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பத்துக்கு அதே அளவுகோல் அப்படியே பொருந்தும் என்று எந்த லேப் எழுதிக் கொடுக்கும்? 83 சமூகங்களின் 10,000 பேர் மரபணுத் தொகுப்பை ‘ஜீனோம் இந்தியா’ 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

நம் ஜனங்களுக்கு உண்மையான எதிரி தாமதம். ராத்திரி சிறுநீர் கழிக்க நாலு தடவை எழுந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோம். இடுப்பு வலித்தால் தைலம் தேய்க்கிறோம். எலும்புக்குப் பரவிய பிறகு ஆஸ்பத்திரி வாசல். ஊரில் தாத்தா ‘நீரடைப்பில்’ போனார் என்பதற்கு மேல் குடும்ப வரலாறும் கையில் இல்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்று இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை.

மரபணுச் சோதனைக்கு இடம் உண்டு. நோய் பரவியிருந்தால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: பி.ஆர்.சி.ஏ. பிழை தெரிந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரைக்கு வழி பிறக்கும், மகள்களும் மார்பகப் புற்றுக்கு முன்கூட்டியே எச்சரிக்கையாகலாம். மற்றபடி 50 தாண்டியவர்கள், குடும்பத்தில் நோய் இருந்தால் 45-லேயே, பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனை தேவையா என்று ஒரு டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சிறுநீரில் ரத்தம் கண்டால் வயதெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள்.