பழைய லெப்டொப்பும் பொய் பிட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய லெப்டொப் விற்பவர்கள், வாங்குபவர்கள், பேஸ்புக் குழுக்களில் ஏலம் நடத்தும் அட்மின் தம்பிமார் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. எங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். பிழை எங்களிடமும் இருக்கிறது.

போன தவணை ஒரு நாள் இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தெரிந்த தம்பி ஒருவரிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. "சேர், என்ட லெப்டொப்ப குழுவில ஏலத்துக்குப் போட்டிருக்கன். ஒரு பிட் போட்டு விடுங்கோ. நீங்க வாங்கத் தேவையில்ல. கொஞ்சம் சூடு பிடிக்கட்டும்."

ஆரம்ப விலை 35,000. அந்த நேரம் 48,000இல் நின்றது. நாங்கள் சிரித்துக்கொண்டே 52,000 என்று கொமண்ட் போட்டோம். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம். அதோடு மறந்தும் போனோம்.

இரவு 10 மணிக்கு ஏலம் முடிந்தபோது விலை 83,500.

மூன்று நாள் கழித்து, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் எங்கள் மாணவி ஒருத்தி ஒரு லெப்டொப்போடு வந்தாள். "சேர், சார்ஜரைக் கழட்டின உடன நிண்டு போகுது. ஏன் சேர்?"

திறந்து பார்த்தோம். ஐ5தான். ஆனால் ஆறாம் தலைமுறை, 2015இல் சந்தைக்கு வந்த வகை. ரெம் 4 ஜிபி. எஸ்எஸ்டி இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க். பற்றரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் கால்வாசிகூட இப்போது பிடிக்கவில்லை. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஐ5, சூப்பர் கொண்டிஷன், அவசர விற்பனை."

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டோம். 83,500 என்றாள். அவளுடைய உம்மா, சொந்தக்காரப் பையன் ஒருவனின் ஐடியில் இருந்து பிட் போட்டிருக்கிறா. ஏலச்சீட்டை நல்ல கழிவு விட்டு முன்கூட்டியே எடுத்த காசு. டவுனில் ஒரு கடையில் விசாரித்தோம். அதே வகை லெப்டொப், 8 ஜிபி ரெம், எஸ்எஸ்டி, மூன்று மாத வாறண்டியோடு 65,000 என்றார்கள்.

அந்தக் கொமண்ட்களை மேலிருந்து கீழே திரும்ப வாசித்தோம். 48,000 அந்த உம்மாவுடையது. அதற்கு மேல் 52,000 எங்களுடையது. அவ 54,000. பிறகு விற்றவரின் கூட்டாளிமார் இரண்டு பேர். அவ. திரும்ப கூட்டாளிமார். உண்மையாக வாங்க வந்த ஒரே ஆள் அவதான். தன்னுடைய விலைக்கு மேலே தானே விலை கேட்டுக்கொண்டு ஏறியிருக்கிறா. ஏணியைப் பிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இதற்கு மார்க்கத்தில் பெயர் இருக்கிறது. நஜ்ஷ். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடுவது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம்மில் அதிகம் பேர் மத்ரசாவில் கேட்ட விடயம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் அது "ஒரு ஹெல்ப்" ஆகிவிடுகிறது.

ஏலமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டில் இருந்த துணியையும் பாத்திரத்தையும் நபியவர்களே ஏலத்தில் விற்றுக் கொடுத்ததாக அனஸ் (ரலி) வழியாக அபூதாவூதில் வருகிறது. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், கூடத் தருபவர் உண்டா என்று கேட்கப்பட்டது, இரண்டு திர்ஹத்துக்கு விற்கப்பட்டது. அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஏலம் ஆகுமானது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. அங்கே பொருளும் எல்லோர் கண்முன்னே இருந்தது. கேட்டவர்களும் வாங்கவே கேட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் நாவாந்துறை இருக்கிறது. காலையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்க்காதவர் யார்? மீன் தரையில் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். எதிரே நின்று கேட்பவரின் முகம் தெரியும். கேட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் போனால் அடுத்த நாள் அவர் கரைப்பக்கம் வர முடியாது. குழு ஏலத்தில் இவை ஒன்றும் இல்லை. லெப்டொப்பின் செவுளும் தெரியாது, கேட்பவரின் முகமும் தெரியாது. அதனால் அங்கே ஒழுங்கு இன்னும் கூட வேண்டும். நாமோ இருந்த ஒழுங்கையும் விட்டுவிட்டோம்.

இதைப் பேசினால் வரும் பதில்கள் எங்களுக்குத் தெரியும்.

"நான் 2022இல் எவ்வளவு கொடுத்து வாங்கினேன் தெரியுமா?" தெரியும். அந்த வருடம் மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த விலைக்கு வாங்கியது உங்கள் கெட்ட காலம். அதை இன்று ஒரு மாணவியின் தலையில் இறக்க முடியாது. கொம்பியூட்டர் காணி அல்ல, வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறுவதற்கு. வாங்கிய விலை உங்கள் கணக்கு. விற்கும் விலை அந்தப் பொருளின் இன்றைய நிலை.

"இக்மனில் இதே லெப்டொப் 90,000 போட்டிருக்கு." போட்டிருக்கிறது. விற்றதா? விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. இரண்டு மாதமாக அப்படியே கிடக்கும் விளம்பரம் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி. வெளிநாட்டில் ஈபேயில் அனுபவமுள்ளவர்கள் விலை வைக்கமுன் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கென்றே அங்கே வசதி இருக்கிறது. நம் குழுக்களில் விற்றவுடன் பதிவையே அழித்துவிடுகிறோம். பிறகு சந்தை விலை யாருக்குத் தெரியும்?

"குறையைச் சொன்னால் யார் வாங்குவான்?" ஈபே 1995இல் தொடங்கியபோது அதை உருவாக்கிய பியர் ஒமிட்யார் விற்ற முதல் பொருள் பழுதான ஒரு லேசர் பொயின்டர். 14.83 டொலருக்குப் போனது. இது பழுது என்று தெரியும்தானே என்று வாங்கியவரிடம் கேட்டாராம். தெரியும், பழுதானவற்றைத்தான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். குறையுள்ள பொருளுக்கும் ஆள் இருக்கிறது, குறையுள்ள விலைக்கு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் முஸ்லிமில் இருக்கிறது. அந்த ஈரம்தான் இந்தப் பற்றரி.

"குறைந்த விலைக்குப் போய்விடுமே, அதனால்தான் கூட்டாளியைப் போடச் சொன்னேன்." இதற்கு மருந்து பொய் பிட் அல்ல. 60,000க்குக் குறைய விற்க விருப்பமில்லையா? ஆரம்ப விலையை 60,000 என்று வையுங்கள். ஆளைக் கூப்பிட 35,000 போட்டுவிட்டு, வந்தவரை ஆள் வைத்து ஏற்றுவது வியாபாரம் இல்லை, பொறி.

சரி, எப்படி விலை வைப்பது?

கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு பாடம்: விடைத்தாளைத் திருத்த முன் புள்ளித்திட்டத்தை எழுது. இல்லாவிட்டால் கையெழுத்தைப் பார்த்துப் புள்ளி போடுவாய். லெப்டொப்புக்கும் அதுதான்.

1. புரோசசரின் தலைமுறையை எழுதுங்கள். "ஐ5" என்றால் ஒன்றும் இல்லை. ஆறாம் தலைமுறை ஐ5 வேறு, பத்தாம் தலைமுறை ஐ5 வேறு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, மிகச் சில தவிர, விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. அதனால் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் விலை ஒரு படி இறங்கத்தான் வேண்டும்.

2. கடையில் வாறண்டியோடு என்ன விலை என்று இரண்டு இடத்தில் கேளுங்கள். உங்களுடையதற்கு வாறண்டி இல்லை. ஆகவே அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும்.

3. அதிலிருந்து குறைகளைக் கழியுங்கள். புதுப் பற்றரி எவ்வளவு, ரெம் கூட்ட எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, உடைந்த பிணைச்சல், வேலை செய்யாத கீ. நம் தெருவில் பழைய இரும்பு எடுப்பவர்கள் செம்பு வேறு, பித்தளை வேறு, இரும்பு வேறு என்று பிரித்து நிறுத்துத்தான் விலை சொல்வார்கள். படித்த நாம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு "சூப்பர் கொண்டிஷன்" என்கிறோம்.

4. பற்றரி ரிப்போர்ட்டையும் சிஸ்டம் விபரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பதிவிலேயே போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

5. வாங்குபவர்கள்: ஏலம் தொடங்க முன் உங்கள் உச்ச விலையை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் போனை வைத்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஏறுவது லெப்டொப்பின் பெறுமதி அல்ல, நமது ரோசம்.

அட்மின் தம்பிமாரிடம் மூன்று கேட்கிறோம். விபரம் இல்லாத கொம்பியூட்டர் பதிவை அனுமதிக்காதீர்கள். பிட் போட்டு வென்றவர் வாங்காவிட்டால் அவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள். முடிந்த ஏலத்தை அழிக்க விடாதீர்கள், விற்ற விலை கிடக்கட்டும். அடுத்தவர் பார்த்து விலை வைப்பார். ஈபே மாதிரிப் பெரிய தளங்களே பொய் பிட்டைத் தடைசெய்திருக்கின்றன. சில நாடுகளில் அது குற்றம். நமக்கு அதற்குப் பொலிஸ் தேவையா?

ஏன் இவ்வளவு எழுதுகிறோம் என்றால், செகண்ட் ஹாண்ட் சாமான் நமக்குச் சின்ன விடயம் இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் வெளியேறும்போது விட்டுவந்த தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் பிறகு யார் என்ன விலை வைத்தார்கள் என்று நம் வாப்பாமாருக்கு இன்றும் தெரியாது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீடு தொடங்கியபோது நம்மில் எத்தனை பேர் கதிரையையும் அலுமாரியையும் இன்னொருவர் பாவித்ததாக வாங்கினோம்! நம்மிடம் நியாயமாக விற்றவர்களை இன்றைக்கும் துஆவில் நினைக்கிறோம். ஏமாற்றியவர்களையும் மறக்கவில்லை. இன்றைக்கு நம் பிள்ளைகளின் படிப்பு லெப்டொப்பில் வந்து நிற்கிறது. புதிது வாங்க வசதியில்லாத வீடுகள்தான் இந்தக் குழுக்களுக்கு வருகின்றன. அங்கே ஏற்றிவிடும் ஒவ்வொரு ஆயிரமும் யாருடைய சீட்டுக் காசு என்று நமக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

விற்ற தம்பியிடம் பேசினோம். "ஏலம் முடிஞ்சுது சேர்" என்றார். அவருடைய கணக்கு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். எங்கள் கணக்கை நாங்கள் பார்க்க வேண்டும். மூன்று பேரும் காசு சேர்த்துப் புதுப் பற்றரியும் 4 ஜிபி ரெம்மும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். 52,000 போட்டது நாங்கள்தான் என்று சொன்னோம். அந்த உம்மா ஏசவில்லை. "சேர்மாரும் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டா. பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது அப்படி ஒரு பிட் போட்டிருந்தால், வாங்கியவர் யார் என்று தேடிப் பாருங்கள். இந்த ஊர் சின்னது. கண்டுபிடிக்கலாம்.

வஸ்ஸலாம்.